கடைசி சீட்டுத் தையல்

உக்காருங்க அம்மிணி, நல்லாத் தள்ளி உக்காருங்க. பைய நான் மடியில வெச்சுக்கறேன். என்ன பாக்கறீங்கன்னு தெரியுதுங்க. இந்தம்மா எதுக்குக் கடைசி சீட்டுல உக்காந்துட்டு ஊசியும் நூலுமா மல்லுக்கட்டுதுன்னுதான பாக்கறீங்க? கண்டக்டரும் அதயேதான் கேட்டாரு. நான் ஏறும்போது பஸ்ஸே காலிங்க. முன்னால போங்கம்மா, இங்க தூக்கித் தூக்கிப் போடும்ன்னாரு. தூக்கிப் போடோணும்னுதான் இங்க வந்து உக்காந்திருக்கறேன். அதை அவருகிட்டச் சொல்லி விளங்க வெக்க முடியுமா? இடுப்பு வலிக்கு இங்கதான் சௌரியம்னு சொல்லிட்டேன்.

தாராபுரமா? நானும் அங்கதான் போறேனுங்க. பேச்சுத் தொணைக்கு ஆச்சு. பேங்க்ல வேலையா? நல்லதுங்க. ஊசி குத்திப்போடும்னு பயப்படாதீங்க. இருவத்திரண்டு வருசம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ நான். ருக்குமணின்னா எங்க யூனிட்ல சூப்பர்வைசரே சித்த பயப்படுவாரு. மேசையில டியூப்லைட்டுக்கு அடியில பீஸ விரிச்சேன்னா ஒரு பார்வைதான். எங்க தையல் விட்டிருக்குது, எங்க ஓட்டை, எங்க எண்ணெய்க் கறைன்னு கண்ணு தானாப் போய் நிக்கும். அந்த எடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர ஒட்டித் தூக்கிப் போட்டுட்டு அடுத்த பீஸ். வேலைய உட்டு ஆறு வருசம் ஆச்சு. கண்ணு மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகல. கல்யாண வீட்டுக்குப் போனாப் பொண்ணு மூஞ்சியப் பாக்க மாட்டேன், ஜாக்கெட்டு மடிப்பத்தான் பாப்பேன். தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க சுடிதாருக்கு எடது தோள் தையல் அரை இஞ்ச் பின்னால போயிருக்குது. நீங்க ஏறும்போதே பாத்துட்டேன். அது உங்க தப்பு இல்ல, தெச்சவன் தப்பு. உங்களுக்கு ஒரு பொத்தான் கூடத் தெக்க வராதா? அதனால என்னங்க.

இதுவா? இது பேரு குவில்ட்டுங்க. பாத்தாப் போர்வையாட்ட இருக்கும். மேல ஒட்டுத்துணி, நடுவால பஞ்சு, அடியில முழுத்துணி. மூணும் நழுவாம இருக்கோணும்னு கையால ஓட்டுத்தையல் போடோணும். ஊசி உள்ள போயி வெளிய வந்து, உள்ள போயி வெளிய வந்து, எறும்பு வரிசையாட்ட போகும். இஞ்சுக்குப் பத்து தையல் போட்டா நல்ல கை. எனக்குப் பதினொண்ணு வரும். பெருமைக்குச் சொல்லல. அந்தப் பதினொண்ணுதான் இன்னிக்கு என்னை இந்தப் பஸ்ஸுல கொண்டாந்து உட்டிருக்குது.

எங்க ஊரு திருப்பூர்ல ஒரு நூல் கடைங்க. அது மாடியில சனிக்கெழம மத்தியானம் பதினோரு பொம்பளைங்க கூடுவோம். ஜெயகௌரின்னு கடைக்காரர் சம்சாரம், செல்போன்ல பாத்துப் பாத்து இதக் கத்துக்கிட்டு எங்களையும் இழுத்து உட்டா. வீட்டுல இருந்து ஆளுக்கொரு பழைய காட்டன் சேலை, வேட்டி, சட்டைன்னு கொண்டாருவோம். வெட்டுவோம், சேப்போம். டீ வரும், முறுக்கு வரும், ஊர்க்கதை வரும். அந்த மூணு மணி நேரத்துக்காகத்தான் அந்த வாரமே நகரும் எனக்கு. வீட்டுல நானும் டிவியுந்தானுங்க.

அந்த ஜெயகௌரி ரெண்டு சட்டம் போட்டு வெச்சிருந்தா. ஒண்ணு, எல்லாருஞ் சேந்து ஒரு குவில்ட்டு பண்ணும்போது ஆளுக்கொரு கட்டம், ஆனா கட்டத்துல யாரும் பேரு போடக் கூடாது. தையலப் பாத்தே ஆரு கைன்னு தெரியோணும், அதுதான் கையெழுத்துன்னு சொல்லுவா. ரெண்டாவது, அடுத்தவங்க கட்டத்துல ஊசி வெக்கக் கூடாது. கோணலோ மாணலோ, அது அவங்களது. மொதச் சட்டம் சரிங்க, ஒத்துக்கறேன். இந்த ரெண்டாவது சட்டம் இருக்குதே, கம்பெனியில இப்பிடி ஒரு சட்டம் போட்டா ஏத்துன கண்டெய்னர் பூரா திரும்பி வந்துரும். நான் அவகிட்ட மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கறேன். அவ சிரிச்சுட்டுப் போயிருவா.

ஆரம்பத்துல அங்க எனக்கு ஆரும் ஒட்டலைங்க. அவங்க தெச்சதக் கொண்டாந்து காட்டுவாங்க, நல்லா இருக்குதாக்கான்னு கேப்பாங்க. நான் இருக்கறதச் சொல்லுவேன். இங்க இழுத்திருக்குது, இங்க முடிச்சு தெரியுதுன்னு. மொகம் சுண்டிப் போகும். அப்பறம் காட்டறதயே உட்டுட்டாங்க. ஒருத்தர் மட்டுந்தான் தேடி வந்து எம் பக்கத்துல உக்காருவாங்க. பாக்கியக்கா. தனபாக்கியம்னு பேரு. தாலுக்கா ஆபீஸ்ல முப்பது வருசம் டைப்பிஸ்ட்டா இருந்தவங்க. என்னைய விட ஆறேழு வயசு மூப்பு. கட்டத்த முடிச்சதும் எம் முன்னால விரிச்சுப் போட்டு, "ருக்கு, ஸ்டிக்கர் ஒட்டு"ம்பாங்க. நான் வெரல வெச்சுக் காட்டுவேன், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு. ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம். எத்தன ஸ்டிக்கருன்னு எண்ணிக்குவாங்க. போன வாரம் அஞ்சு, இந்த வாரம் மூணு, இன்னும் ரெண்டு வாரத்துல உன்ற வேலை போயிரும் பாரும்பாங்க. அம்மிணி, எனக்குக் கூடப் பொறந்தவங்க மூணு பேரு இருக்கறாங்க. ஒருத்தர்கிட்டயும் நான் அப்பிடிச் சிரிச்சதில்ல.

அப்பறம் அவங்களுக்குக் கை நடுங்க ஆரமிச்சுதுங்க. மொதல்ல வலது கை கட்டவெரல். டீ கிளாஸு தட்டுல கிணுகிணுன்னு ஆடும். நடுக்குவாதம்னுட்டாங்க. அதுக்கப்பறம் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றத அவங்க நிறுத்திட்டாங்க. நானும் கேட்டுக்கல. எதுக்கு மனசக் கஷ்டப்படுத்தறதுன்னு பேசாம இருந்துட்டேன்.

போன வருசம் கோயமுத்தூர்ல ஒரு எக்ஸிபிஷனுங்க. துணி, எம்ப்ராய்டரி, இந்த மாதிரிக் கைவேலைக்குன்னே வெக்கறது. எங்க குழுவும் ஒரு குவில்ட்டு வெக்கறதுன்னு ஆச்சு. பன்னண்டு கட்டம், ஜெயகௌரிக்கு ரெண்டு, மத்தவங்களுக்கு ஒவ்வொண்ணு. இதா, இதுதான் அது. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்த பொறகு ஆளுக்கு ஆளு மாத்தி மாத்தி வீட்டுக்குக் கொண்டுபோயி அவங்கவங்க கட்டத்துல ஓட்டுத்தையல் போடோணும். பாக்கியக்கா மட்டும், எனக்கு நேரமாகும், முன்னாடியே குடுத்துருங்கன்னு கேட்டு மொதல்லயே வாங்கிட்டாங்க. ஒரு மாசம்னு சொன்னது நாலு மாசம் ஆச்சு. மத்தவங்கெல்லாம் மொணமொணத்தாங்க. நாந்தான் அவங்க வாய அடக்குனேன். கடைசியா ஓரங்கட்டறது என்ற வேலை. நாலு பக்கமும் பட்டி வெச்சு மடிச்சுத் தெக்கறது. அதனால முடிவுல என்ற கைக்கு வந்துச்சு.

எங்கிட்டக் குடுத்த அன்னிக்கு அக்காவும் மாடியிலதான் இருந்தாங்க. போகும்போது எங்கிட்ட வந்து என்ற முழங்கையப் புடிச்சாங்க. அந்தக் கை ஆடுறதுல என்ற கையும் ஆடுது. "ருக்கு, இதுல ஸ்டிக்கர் ஒட்டாத"ன்னாங்க. செரிங்க்கா, ஒட்ட மாட்டேன்னு சொன்னேன். ஒட்டலைங்க நான். சத்தியமா ஒரு ஸ்டிக்கரு ஒட்டல.

வீட்டுக்கு வந்து கட்டில்ல விரிச்சுப் பாத்தேன். பதினோரு கட்டம் ஏதோ ஒரு வழியா இருந்துச்சு. அக்கா கட்டம், இதா இந்த மஞ்சக் கட்டம், அவங்க ஆபீஸுக்குக் கட்டீட்டுப் போன சுங்குடிச் சேல. அதுல மெரூன் நூல்ல ஒம்பது வரி, கட்டத்துக்குள்ள கட்டமா. எப்பிடிச் சொல்றது உங்களுக்கு? ஒரு தையல் நீளம், அடுத்தது நெல்லு மொனையாட்டச் சின்னது. ஒரு வரி நல்லா வந்துட்டே இருந்து திடீர்னு பக்கத்து வரி மேல ஏறிருது, அப்பறம் எறங்கித் தன் வழிக்கு வருது. ஒரு எடத்துல ஒரே ஓட்டையில மூணு தடவ குத்தியிருக்குது. எனக்கு அதப் பாக்கவே முடியல. கோயமுத்தூர்ல நூறு பேரு வந்து நின்னு இதப் பாப்பாங்களே, இது ஆரு தெச்சதுன்னு கேப்பாங்களே, அக்கா அங்கயே நிப்பாங்களே. அதான் எம் மனசுல ஓடுச்சு. வேற ஒண்ணுமில்ல. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

டிரிம்மர எடுத்தேன். நூலு வெட்டற சின்னக் கத்திரிங்க அது. ஒம்பது வரியும் பிரிச்சேன். பிரிச்சா ஊசி போன ஓட்டை தெரியுமில்ல? தெரியக் கூடாதுன்னு தண்ணி தெளிச்சு, நகத்தால தேச்சுத் தேச்சு, துணி மேல துணி போட்டு இஸ்திரி பண்ணுனேன். ஒரு தடம் இல்ல. அதே மெரூன் நூலு, நம்பர் பாத்து வாங்கி, ஒம்பது வரியும் நான் தெச்சேன். இஞ்சுக்குப் பதினொண்ணு. பிரிச்ச நூலெல்லாம் துண்டு துண்டாக் கெடந்துச்சு. கூட்டி அள்ளிக் குப்பையில போட்டேன். ரெண்டு நாள் வேலை. பின்னால நிமிந்து பாத்தப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுங்களா? அக்கா மானத்தக் காப்பாத்திட்டோம்னு நெனச்சேன்.

கொடுவாய் வந்திருச்சா? அதுக்குள்ளயா? இருங்க, இந்த வரிய முடிச்சிக்கறேன். பாருங்க, கடைசி சீட்டுலயும் எப்பிடிப் போகுதுன்னு. ரூலர் வெச்சாப்பல. சனியன் புடிச்ச கை.

எக்ஸிபிஷனுக்கு வேன் புடிச்சுப் போனோம். நல்ல கூட்டம். எங்க குவில்ட்டு முன்னால ஒரு அம்மா, கண்ணாடி போட்டவங்க, ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, இந்த மஞ்சக் கட்டம் எவ்வளவு நேர்த்தியா இருக்குது பாருன்னு கூட வந்தவங்ககிட்டச் சொன்னாங்க. எனக்கு உள்ளூர ஒரே சந்தோசம். அக்காவக் கையப் புடிச்சுக் கூட்டீட்டு வந்தேன். அவங்க பக்கத்துல போயி பாத்தாங்க. கைய மேல வெச்சாங்க. அது ஆடிக்கிட்டே வரி மேல போச்சு. ஒரு வரி, ரெண்டு வரி, ஒம்பது வரியும் வெரலால தடவிப் பாத்தாங்க. அப்பறம் எம் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா இருக்குது ருக்கு. ஆரு தெச்சது?"ன்னாங்க.

நீங்கதானுங்க்கா தெச்சீங்கன்னு சொன்னேன்.

வேற என்னங்க சொல்ல முடியும்? சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. ஜெயகௌரி நிக்கறா. நானா? அப்பிடின்னாங்க. ஆமாங்க்கா, நீங்கதான், மறந்துட்டீங்களான்னு கேட்டேன். அந்த வார்த்தை ஏன் எம் வாயில வந்துச்சுன்னு தெரியல. மறந்துட்டீங்களான்னு கேட்டேன். அக்கா கையச் சேலைத் தலப்புல சுத்திக்கிட்டு, அப்படியா, அப்ப நல்லாத்தான் தெச்சிருக்கறேன்னு சொல்லிட்டு அக்கட்ட போயி ஒரு நாற்காலியில உக்காந்துட்டாங்க. சந்தோசந்தான் பட்டாங்க, இல்லீங்களா? நல்லாத்தான் தெச்சிருக்கறேன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களே.

அடுத்த சனிக்கெழம அக்கா வரல. அதுக்கடுத்த சனிக்கெழமையும் வரல. நான் போன் பண்ணுனா எடுக்க மாட்டாங்க. நான் ஜெயகௌரியத்தான் திட்டுனேன். வண்டியில அவ்வளவு தூரம் கூட்டீட்டுப் போயி அலய உட்டீங்க, அதான் ஒடம்பு கெட்டுப்போச்சுன்னேன். கொஞ்ச நாள்ல பாத்ரூம்ல விழுந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். மக சுகந்தி தாராபுரத்துல வாத்தியாரம்மா, அது வந்து கூட்டீட்டுப் போயிருச்சு. போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரோணும், வரோணும்னு நானும் ஏழு மாசம் ஓட்டிட்டேன். முழங்கால் வலிங்க. அப்பறம் மழ வேற.

போன திங்கக்கெழம சுகந்தி போன் பண்ணுச்சு. நல்ல பொண்ணுங்க, மரியாதையாப் பேசும். அத்தைன்னுதான் கூப்புடும். அத்தை, அந்தக் குவில்ட்ட ஒரு நாளைக்குக் கொண்டாந்து காட்ட முடியுங்களான்னு கேட்டுச்சு. எதுக்குக் கண்ணுன்னேன். அதுக்கு அது சொன்னதக் கேளுங்க.

அக்காவுக்கு மாத்திர போட்டு முக்கா மணி நேரங்கழிச்சு, ஒரு மணி நேரத்துக்குக் கை நடுக்கம் கொஞ்சம் அடங்குமாமுங்க. ஒரு மணி நேரந்தான். அப்பறம் மறுபடி ஆரமிச்சிரும். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி கோக்கோணும், குத்தோணும். ஒரு நாளைக்கு ஆறு தையல் விழுந்தா நல்ல நாளு. நாலு மாசம் அப்பிடித் தெச்சிருக்கறாங்க. சாப்பாட்டக் கூடத் தள்ளி வெச்சிட்டு அந்த மணி நேரத்தத் தையலுக்குன்னே வெச்சிருந்தாங்களாம். ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும், இது வெசாழக்கெழம போட்டது, இது நீ ஊருக்கு வந்த அன்னிக்குப் போட்டதுன்னு மகளுக்குக் காட்டுவாங்களாம். இந்த ஒரே ஓட்டையில மூணு தடவ குத்துனதா? அது, அவங்க வீட்டுக்காரரு செத்த தெதி. அன்னிக்கு ஊசி நகரலையாம்.

எனக்கு ஆரு இதச் சொன்னாங்க? ஒருத்தரும் சொல்லலைங்களே. சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனா?

அது மட்டும்னாக் கூடப் பரவால்ல அம்மிணி. எக்ஸிபிஷன்ல இருந்து வந்ததுல இருந்து அக்கா ஒண்ணே ஒண்ணத் திருப்பித் திருப்பிச் சொல்றாங்களாம். என்ற கட்டம் அதுல இல்ல கண்ணு, என்ற கட்டம் அதுல இல்லன்னு. இருக்குதும்மா, நீதானம்மா தெச்ச, நான் போட்டோவுல பாத்தேன், மஞ்சக் கட்டம் அங்கதான் இருக்குதுன்னு சுகந்தி சொல்லியிருக்குது. அதுக்கு இவங்க, சேல என்னோடது, தையல் என்னோடதில்லன்னு சொன்னாங்களாம். வந்தவங்க போனவங்ககிட்டெல்லாம் அதே பேச்சு. அப்பறம் டாக்டருகிட்டக் கூட்டீட்டுப் போயிருக்கறாங்க. இந்த நோவுல சில பேருக்கு மறதி வரும், இல்லாததச் சொல்லுவாங்கன்னு அவரு மறதிக்கு ஒரு மாத்திரயச் சேத்துக் குடுத்துட்டாரு. அதப் போட்டதுல இருந்து பகலெல்லாம் தூக்கமாமுங்க. இப்பெல்லாம் அவங்க எது சொன்னாலும் வீட்டுல தலையாட்டிட்டு உட்டுர்றாங்களாம். பசிக்குதுன்னு சொன்னாக் கூட, இப்பத்தானம்மா நீ சாப்புட்டேங்கறாங்களாம்.

அத்தை, நீங்க கொண்டாந்து அம்மா கையில வெச்சீங்கன்னா அம்மா நம்பீரும், இத வெச்சு நெதமும் அழுவுதுன்னு சுகந்தி கேக்குது. செரி கண்ணுன்னுட்டேன். ஜெயகௌரிகிட்ட ஓரம் பிரிஞ்சிருக்குது, தெச்சுக் குடுக்கறேன்னு பொய் சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்.

அப்பறம் அஞ்சு நாள். என்ன பண்ணுனேன் தெரியுங்களா? கோணலாத் தெக்கப் பழகுனேன். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கலைன்னு தெரியும், இருந்தாலும். எடது கையில தெச்சுப் பாத்தேன். அது ஒண்ணாங் கிளாசுக் கொழந்தை எழுதுனாப்பல வந்துச்சு, அக்கா கையாட்ட இல்ல. ரெண்டு கொடந் தண்ணி மாடிக்குத் தூக்கி, கை ஓஞ்சு ஆடும்போது தெச்சேன். நாலு தையல் கோணிச்சு, அஞ்சாவதுல கை தானாச் சுதாரிச்சிருச்சு. கண்ண மூடிட்டுத் தெச்சேன். கண்ணத் தொறந்து பாத்தா நேராப் போயிருக்குது. அதப் பாத்துச் சந்தோசப்படறதா அழுவறதான்னு எனக்கே தெரியல. அந்தப் பழைய ஓட்டையாச்சும் இருந்தா அது மேலயே ஊசி உட்டுப் போயிருவேன். நாந்தான் நகத்தப் போட்டுத் தேச்சு இஸ்திரியும் பண்ணி வெச்சனே. இருவத்திரண்டு வருசத்துல ஒரு வேலையக் கூட நான் அரைகொறையா உட்டதில்லைங்க.

இன்னிக்குக் காத்தால எந்திரிச்சு என்ற ஒம்பது வரியும் பிரிச்செறிஞ்சுட்டேன். அப்பறந்தான் பஸ்ஸு ஞாபகம் வந்துச்சு. கடைசி சீட்டுல உக்காந்தா ஒண்ணரை மணி நேரம் தூக்கிப் போடும், கை தானா ஆடும், ஒம்பது இல்லாட்டி ஒரு நாலு வரியாச்சும் கோணலா விழும்னு கணக்குப் போட்டேன். பாருங்க, ரோட்டப் புதுசாப் போட்டுட்டாங்க. பஸ்ஸு அசைய மாட்டீங்குது. எத்தன வருசமாக் குண்டுங் குழியுமாக் கெடந்த ரோடு இது.

என்னங்க? சொல்லிரட்டுமா? ஆருகிட்ட, சுகந்திகிட்டயா?

நீங்க சின்ன வயசு, சொல்லிருங்கன்னு சுளுவாச் சொல்லிட்டீங்க. என்னன்னு சொல்றது? கண்ணு, உங்கம்மாளுக்கு மறதியெல்லாம் ஒண்ணுமில்ல, நாந்தான் பிரிச்சுத் தெச்சேன், அவங்க சொன்னதுதான் சரி, அந்த மாத்திரய நிறுத்துன்னா? அப்பிடியே சொல்லச் சொல்றீங்களா? சொன்னா அந்தப் பொண்ணு என்ற மூஞ்சியப் பாக்குமா? ஏழு மாசம் அம்மாளப் பைத்தியக்காரியாட்ட நெனச்சனேன்னு அது ஒடஞ்சு போயிராது? நான் அதுக்காகத்தான் யோசிக்கறேன். எனக்காக இல்ல. தையல் மட்டும் பழையபடி வந்துருச்சுன்னா ஒரு பேச்சும் வேண்டாம் பாருங்க. அக்கா தடவிப் பாப்பாங்க, ஆமா இது என்னோடதுதான்ம்பாங்க. ஆருக்கும் ஒரு கஷ்டமில்ல.

அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுமா? சித்த முன்னால, எனக்கு ஒரு பொத்தான் கூடத் தெக்க வராதுன்னீங்களே. இந்தாங்க. ஒரு நாலு தையல் போடுங்க. சும்மா போடுங்க, எப்பிடி வந்தாலும் செரி. இப்பிடிப் புடிங்க. மேல இருந்து குத்துங்க, அடியில வெரலு வெச்சிக்கோங்க. ஆமா. அப்பிடித்தான். ஐயோ, கையில குத்திக்காதீங்க.

கொண்டாங்க பாக்கலாம். ம்.

கோணலாத்தான் இருக்குது. நல்ல கோணல். ஆனா இது வேற கோணலுங்க. நீங்க பயந்து பயந்து போட்டிருக்கறீங்க, நூலு தொளதொளன்னு நிக்குது. அக்கா நூலு இழுத்துப் புடிச்சிருக்கும். வழி தவறிப் போனாலும் ஒவ்வொரு தையலும் கெட்டியா நிக்கும். இதக் கொண்டுபோயி வெச்சா ஒரு தடவுல கண்டுபுடிச்சிருவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நான் பிரிச்சிர்றேன். என்னோட இந்த ஒரு வரியையும் பிரிச்சிர்றேன். பாருங்க, நான் கையக் கட்டிட்டு இருக்கோணும்னு நெனச்சாலும் கை போயிருது.

குண்டடம் எப்பவோ போயிருச்சா? நான் பாக்கவே இல்லையே.

இருங்க, போனு. சுகந்திதான். சொல்லு கண்ணு. ஆமா, பஸ்ஸுலதான், வந்துட்டேன், இன்னும் பத்து நிமிசம். ஆமா கொண்டாந்திருக்கறேன். அப்பிடியா? ம். அப்பிடியா சொல்றாங்க? ம். செரி கண்ணு. வெச்சிர்றேன்.

ஒண்ணுமில்லீங்க. அக்கா காத்தால இருந்து தூங்கலையாமுங்க. நல்ல சேலையா எடுத்துக் கட்டி உடச் சொல்லி வாசல் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருக்கறாங்களாம். ஆரு வர்றான்னு பேரன் கேட்டதுக்குச் சொன்னாங்களாம். "ருக்கு வர்றா. அவ செக்கிங்ல இருந்தவ, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. என்ற கட்டம் அதுல இருக்குதா இல்லையான்னு அவளையே கேளுங்க. அவ சொன்னா நீங்க நம்புவீங்க."

சித்த தண்ணி இருந்தாக் குடுங்க அம்மிணி.

இதாப் பாருங்க. ஒரு நூலு இல்ல. அவங்களதும் இல்ல, என்னோடதும் இல்ல, நீங்க போட்டதும் இல்ல. வெறும் மஞ்சத் துணி, அடியில பஞ்சு தொளதொளன்னு நகருது. ஏழு மாசமா அவங்க சொன்னத ஒருத்தரும் நம்பல. இன்னிக்கு மடியில விரிச்சா ஆரு வேணாலும் பாத்துக்கலாம். அவங்க கட்டம் இதுல இல்லீங்க.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தா, பழக்கடைகிட்ட நீலச் சேல, கைய ஆட்டுதே, அதுதான் சுகந்தி. அம்மா மொகம் அப்பிடியே. அந்த ஊசிய மட்டும் எடுத்துக் குடுங்க, சீட்டுல கெடந்தா ஆருக்காச்சும் குத்திரும். நீங்க எறங்குங்க அம்மிணி, உங்களுக்கு பேங்குக்கு நேரமாகுது. எல்லாரும் எறங்கட்டும். நான் கடைசியா எறங்கிக்கறேன்.